வண்டிக்கு வெளியே ஒருத்தி

அவள் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால், "என் பேர எதுக்குடி போட்ட, யாரு கேட்டாங்க, இன்னாத்துக்கு கேட்டாங்க" என்று கல்வராயன் மலையிலிருந்து பஸ் ஏறி வந்துவிடுவாள். நான் வேலை பார்ப்பது விமான நிலையத்தில். உள்ளே விடமாட்டார்கள் என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. வாசலிலேயே நின்றுகொண்டு, போகிற வருகிற ஊழியர்களை எல்லாம் நிறுத்தி என்னைப் பற்றி விசாரிப்பாள். செய்யக்கூடியவள்தான்.

எங்களோடு படித்தவள் அவள். கள்ளக்குறிச்சியில் ஒரு டிராக்டர் ஷோரூமுக்கு மேல்மாடியில் இலவசமாக நடந்த பயிற்சி அது. மலைவாழ் பிள்ளைகளும், எங்களைப் போலக் குத்தகை நிலத்தில் பாடுபடுகிற குடும்பத்துப் பிள்ளைகளும் விமான நிலைய வேலைக்குப் போகவேண்டும் என்று யாரோ நினைத்து, அதற்கு யாரோ பணம் கொடுத்து நடத்தினார்கள். 'யாரோ' என்று நான் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். அவளாக இருந்தால் அந்த இடத்திலேயே நின்றிருப்பாள். யாரு? பேரு இன்னா? அவங்களுக்கு இதுல இன்னா லாபம்?

எங்கள் பேட்சில் அவள்தான் மூத்தவள். நாங்கள் எல்லோரும் 'அக்கா' என்றுதான் கூப்பிடுவோம். இருபத்தேழு வயது முடிந்துவிட்டால் அந்த வேலைக்கு எடுக்கமாட்டார்கள். அவளுக்கு முடியச் சில வாரங்கள்தான் இருந்தன. எங்களுக்கு ஒரு இன்டர்வியூ போனால் இன்னொன்று வரும். அவளுக்கு வராது. அது அவளுக்கும் தெரியும், எங்களுக்குப் பாடம் எடுத்த சாருக்கும் தெரியும். அப்படியிருந்தும் இன்று கவுண்டரில் நான் நிற்கிறேன், அவள் நிற்கவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அந்தந்த நேரத்துக்கு வாயில் வந்ததைச் சொல்லிச் சமாளித்திருக்கிறேன். இங்கே நடந்ததை நடந்தபடி சொல்லிப் பார்க்கிறேன்.

முதல் நாள் எல்லோருக்கும் சீருடை கொடுத்தார்கள். கருநீலக் கோட்டு, கழுத்தில் கட்ட ஒரு ஸ்கார்ஃப், கறுப்பு ஷூ. நாங்கள் வாங்கிய கையோடு போட்டுப் பார்த்து, ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்து, ஃபோனில் படம் எடுத்துக்கொண்டிருந்தோம். அவள் மட்டும் கோட்டைப் புரட்டிப் போட்டு, உள்தையல் முழுக்க விரலால் தடவிக்கொண்டு வந்தாள். ஷூவுக்குள் கையை விட்டுப் பார்த்தாள். அப்புறம் சாரிடம் போனாள்.

"இது புதுசா சார், யாராச்சும் போட்டு வுட்டதா?"

"புதுசு தாம்மா."

"நாங்க பாதில நின்னுட்டா திருப்பிக் கேப்பீங்களா?"

"கேக்க மாட்டோம்."

"கேக்கலன்னா உங்களுக்கு எப்பிடி கட்டுப்படி ஆவும்?"

சார் உளுந்தூர்பேட்டைப் பக்கத்துக்காரர். ரொம்ப வருஷம் விமான நிலையத்தில் வேலை பார்த்து, பயணிகளில் எத்தனை ரகம் உண்டோ அத்தனை பேருக்கும் சிரித்த முகத்தோடு பதில் சொல்லிப் பழகியவர். அவரே சிரிப்பை நிறுத்திவிட்டு, "மொதல்ல போட்டுப் பாரும்மா, அப்புறம் பேசலாம்" என்றார். போட்டுப் பார்த்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், எங்களில் வேறு யாருக்கும் அந்தக் கோட்டு அப்படிப் பொருந்தவில்லை. கண்ணாடி முன்னால் நின்று தோள்பட்டையை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, "அளவே எடுக்கல, எப்பிடி இவ்ளோ சரியா இருக்குது?" என்று அதையும் சந்தேகப்பட்டாள்.

ஒரு அறையை விமானத்தின் உள்பக்கம் போல அமைத்து வைத்திருந்தார்கள். இரண்டு பக்கமும் இருக்கைகள், நடுவில் ஒரு ஆள் போகிற வழி, மேலே பெட்டி வைக்கத் தட்டு. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எங்கள் ஊர் ரிஷிவந்தியத்துக்குப் பக்கம். கரும்புத் தோட்டத்துக்கு மேலே சத்தம் கேட்டால் தலையை நிமிர்த்திப் பார்ப்போமே தவிர, விமானத்தின் வயிறு எப்படி இருக்கும் என்று கண்டவர்கள் எங்கள் வீட்டில் இல்லை. ஓர இருக்கையில் உட்கார்ந்து, ஜன்னல் என்று ஒட்டியிருந்த மேகப் படத்தைப் பார்த்தபடி என்னை மறந்திருந்தேன். அவள் மண்டியிட்டு இருக்கைக்கு அடியில் தலையை நுழைத்தாள். எழுந்து நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"இது ப்ளேன் சீட்டு இல்ல. ஆம்னி பஸ் சீட்டு. அடியில வெத்தல எச்சி இருக்குது."

சாருக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஆமாம்மா, பழைய பஸ் சீட்டு தான். ப்ளேன் சீட்டு வாங்க நமக்கு எங்க வசதி" என்று ஒப்புக்கொண்டார். எங்களுக்கு அவர் மேல் கோபம் வரவில்லை, அவள் மேல்தான் வந்தது. கொஞ்ச நேரம் மேகத்துக்கு நடுவில் இருந்தோம், அது பொறுக்கவில்லை இவளுக்கு. அன்று மாலை துணி காயப்போடும்போது என்னிடம் சொன்னாள்.

"இந்தாளு கேட்டா ஒத்துக்கறான். கேக்கலன்னா சொல்றதில்ல. ரெண்டையும் நெனப்புல வெச்சிக்கோ."

"அவரு இவருன்னு பேசுக்கா."

"மரியாதை ஜாஸ்தியானா கேள்வி கேக்க வாய் வர மாட்டேங்குது" என்றாள்.

விடுதியில் அவளும் நானும் ஒரே அறை. ஒரு நாள் குளித்துவிட்டு வந்தால் என் பை திறந்து கிடக்கிறது, அவள் அதற்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருக்கிறாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

"இன்னாக்கா பண்ற?"

"பாக்கறேன்."

"இன்னாத்த பாக்கற?"

"உன் ஆதார் கார்டு இருக்குதான்னு."

கொஞ்சம்கூடப் பதறவில்லை. கையை வெளியே எடுத்து, பையின் ஜிப்பை மூடி, இருந்த இடத்தில் வைத்தாள். பக்கத்து அறையில் மலைப் பிள்ளைகள் மூன்று பேர் இருந்தார்கள். தினமும் அவர்கள் பைகளையும் இப்படித்தான் பார்க்கிறாள் என்று விசாரித்ததில் தெரிந்தது. அவர்கள் அதற்கு ஒன்றும் சொல்வதில்லையாம். நான் அப்படி விடுகிறவள் இல்லை. திருடிதான் இவள், கேட்டால் சொல்ல ஒரு காரணம் தயாராக வைத்திருக்கிறாள் என்று முடிவு கட்டி, கடைவீதிக்குப் போய் ஒரு பூட்டு வாங்கி வந்து பையில் போட்டேன். அவள் அந்தப் பூட்டை இழுத்துப் பார்த்து, "நல்ல பூட்டு. எங்க வாங்கின?" என்றாள். நான் சாவியை எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டேன். "என்ன நம்பல இல்ல? நல்லது தான். ஞாயித்துக்கிழம எங்க வூட்டுக்கு வா. நீ எங்க வூட்டு பெட்டிய எல்லாம் தொறந்து பாத்துக்கோ. சரியா பூடும்."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னை எழுப்பி வெள்ளிமலை பஸ்ஸில் ஏற்றிவிட்டாள்.

கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறுகிறவரைக்கும் பேசிக்கொண்டே வந்தவள், முதல் வளைவு வந்ததும் வாயை மூடிக்கொண்டு, எதிரே இறங்கி வருகிற ஒவ்வொரு வண்டியையும் பார்த்தாள். நம்பர் பலகையைத்தான் பார்க்கிறாள் என்று போகப் போகத்தான் புரிந்தது. உதடு அசைந்தது. யார் வண்டி, எதற்குப் பார்க்கிறாய் என்று கேட்டேன். "பழக்கம்" என்றாள்.

வெள்ளிமலையில் இறங்கி, மரவள்ளிக் கொல்லை வழியாக நடந்தோம். வீட்டில் அவள் அம்மா இருந்தார். சாமைச் சோறும் துவரைக் குழம்பும் போட்டு, நான் முதல் வாய் வைப்பதற்குள் எதிரே குந்திக்கொண்டு ஆரம்பித்தார்.

"உங்க ஊரு எது?"

சொன்னேன்.

"உங்க அப்பா இன்னா பண்றாரு?"

சொன்னேன்.

"உங்க ஊர்ல எவனாச்சும் வேன் வெச்சிருக்கானா?"

நான் சிரித்துவிட்டேன். அம்மாவும் சிரிக்கவில்லை, மகளும் சிரிக்கவில்லை. "ரெண்டு பேரு வெச்சிருக்காங்க" என்றேன். "இன்னா கலரு?" என்றார். அப்போதுதான் சுவரில் இருந்த போட்டோவைப் பார்த்தேன். மீசை அரும்பிய ஒரு பையன், கட்டம்போட்ட சட்டை. மாலையும் இல்லை, பொட்டும் இல்லை. யார் என்று கண்ணால் கேட்டேன்.

"என் தம்பி" என்றாள். "இருக்கானா இல்லியான்னு தெரியாம மாலை போட முடியாது பாரு."

திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னாள். கேரளாவில் மிளகு பறிக்கிற வேலை என்று சொல்லிக்கொண்டு ஒரு ஆள் மலைக்கு வந்தான். விடியற்காலையில் வெள்ளை வேன் வந்து நின்றது. ஊரிலிருந்து நல்லா உழைக்கிற ஆண்பிள்ளைகளாகப் பார்த்து ஏற்றினான், அவள் தம்பியையும். சம்பளத்துக்குப் பதியவேண்டும் என்று ஆதார் கார்டை வாங்கிக்கொண்டான், சார்ஜ் போட்டுத் தருகிறேன் என்று ஃபோனை வாங்கிக்கொண்டான். ஊர்க்காரர்கள் கையாட்டி அனுப்பினார்கள். வண்டி மிளகுக்குப் போகவில்லை, ஆந்திராக் காட்டுக்குச் செம்மரம் வெட்டப் போனது என்பது ரொம்ப நாளைக்குப் பிறகு, வேறு ஊர்க்காரர்கள் வாயால் அரசல் புரசலாகத் தெரிந்தது. போனவர்களில் திரும்பி வந்தவர் யாரும் இல்லை.

"ஸ்டேஷனுக்குப் போனோம். வண்டி நம்பரு இன்னான்னு கேட்டாங்க. தெரியல. மலைய வுட்டு எறங்கி எந்தப் பக்கம் திரும்புச்சின்னு கேட்டாங்க. அதுவும் தெரியல. வேன் கலரு மட்டும் தான் எங்க அம்மா சொல்லிச்சி. வெள்ள வேனு எத்தினி ஓடுது ஊர்லன்னு சொல்லி அனுப்பிட்டாங்க."

அழவில்லை. கதை சொல்லும்போதுகூட எதிரே வருகிற வண்டியைப் பார்ப்பதை விடவில்லை. நான் அன்று இரவே பையின் பூட்டைக் கழற்றி எறிந்தேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும். கழற்றவில்லை. அவள் கதையை முழுக்க நம்புவதா வேண்டாமா என்றே எனக்குத் தெரியவில்லை. அவளோடு இருந்து இருந்து எனக்கும் அந்த வியாதி ஒட்டிக்கொண்டிருந்தது.

ஆனால் அவளுக்கு வேலை கிடைத்துவிடும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அதற்குக் காரணம் ஒரு வகுப்பு. பயணிகளின் பெட்டியை வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்விகளை சார் நடித்துக் காட்டச் சொன்னார். முதலில் அவள் பயணி, நான் ஊழியர்.

"உங்க பெட்டியை நீங்களே அடுக்கினீங்களா மேடம்?"

"நீ எதுக்கு கேக்கற?"

"பாதுகாப்புக்கு மேடம்."

"யாரு பாதுகாப்புக்கு? உனக்கா, எனக்கா?"

வகுப்பு முழுக்கச் சிரிப்பு. சார் ஆளை மாற்றச் சொன்னார். இப்போது அவள் கேட்கிறவள், நான் பயணி. அவ்வளவுதான். பெட்டியை யார் அடுக்கியது, அடுக்கும்போது பக்கத்தில் யார் இருந்தது, வழியில் எங்கே இறக்கி வைத்தாய், டீ குடிக்கப் போனபோது யார் பார்த்துக்கொண்டது, அவரை உனக்கு எத்தனை நாளாகத் தெரியும், யாராவது ஏதாவது கொடுத்துவிட்டார்களா, ஊறுகாய் பாட்டிலா, அதை நீ திறந்து பார்த்தாயா, ஏன் பார்க்கவில்லை? இல்லாத பெட்டிக்கு, இல்லாத ஊறுகாய்க்கு நான் அழுகிற நிலைக்கு வந்துவிட்டேன். சார் கைதட்டினார். "இவள மட்டும் உள்ள வுட்டாங்கன்னா ஏர்போர்ட்ல ஒரு ஈ நொழையாது" என்றார். அவள் முகத்தில் அன்று ஒரு வெட்கம் வந்தது. தான் செய்கிற காரியத்துக்கு உலகத்தில் சம்பளம் கொடுக்கிற இடம் ஒன்று இருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்திருக்கவேண்டும். அதற்குப் பிறகு அவளைப்போலப் படித்தவள் இல்லை. பாத்ரூமில் தண்ணீர் பிடிக்கும்போதுகூட அறிவிப்புகளைச் சொல்லிச் சொல்லிப் பார்ப்பாள். "இது போச்சின்னா எனக்கு மரவள்ளி தான்டி" என்பாள்.

இன்டர்வியூ நாள் வந்தது. சென்னை விமான நிலையத்திலேயே ஒரு கம்பெனி அலுவலகத்தில், மதியத்துக்கு முன்னால் போய்விடவேண்டும். பிந்தினால் உள்ளே விடமாட்டார்கள் என்று சார் பத்துத் தரம் சொல்லியிருந்தார். விடிவதற்குள் கொண்டை போட்டு, கோட்டு மாட்டி, ஷோரூம் வாசலில் நின்றோம். வேன் வந்தது. அவள் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, நம்பரை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டாள். டிரைவரிடம் ஊர் பேர் விசாரித்தாள். அந்த ஆள் எரிச்சலோடு சாரைப் பார்த்தார். "அது அப்பிடித்தாங்க, நீங்க ஏறுங்க" என்று சார் சமாளித்தார். அவளும் ஏறினாள்.

உளுந்தூர்பேட்டையில் டீக்கு நிறுத்தினார்கள். குடித்துவிட்டு எல்லோரும் ஏறி உட்கார்ந்தபிறகு சாருக்கு ஒரு ஃபோன் வந்தது. பேசி முடித்தவர், டிரைவர் பக்கத்தில் கிடந்த ஒரு மஞ்சள் பையை எடுத்து உதறினார்.

"உள்ள ஃபோன் எடுத்துனு போவக்கூடாதாம். போன தடவ யாரோ வீடியோ எடுத்துட்டாங்களாம். எல்லாரும் ஃபோன இதுல போடுங்க. ஆதார் கார்டும் குடுங்க, வரிசையா அடுக்கி வெச்சிக்கறேன். கேட்ல பாஸ் போட லேட் ஆவாது."

நாங்கள் போட்டோம். நான் யோசிக்கக்கூட இல்லை. பை சீட்டுச் சீட்டாக வந்து, கடைசியில் அவள் மடிக்கு வந்து நின்றது.

"நான் அங்க வந்து குடுக்கறேன் சார்."

"எல்லாரும் குடுத்துட்டாங்கம்மா."

"அங்க கேட்லியே குடுக்கறேன். இப்ப எதுக்கு?"

"சொன்னேன் இல்ல? நேரம் ஆவுதும்மா."

"ஃபோனு சரி. கார்டும் எதுக்கு ஒண்ணா?"

சாருக்கு அதுவரை எத்தனையோ மாதப் பொறுமை. அன்று காலையிலிருந்து சாப்பிடவும் இல்லை. கத்திவிட்டார். "நம்பிக்கை இல்லன்னா எறங்கிக்கோ!"

கோபத்தில் வந்த வார்த்தை. இறங்குவாள் என்று அவர் நினைக்கவில்லை. அவர் நல்லவர், இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். அவள் எழுந்து இறங்கினாள். இறங்கி நின்று மலைப் பிள்ளைகளைப் பார்த்து, "எறங்குங்கடி" என்றாள். மூன்று பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருத்தி மட்டும் வாயைத் திறந்தாள்.

"எங்களுக்கு வேல வேணும்க்கா."

அவள் எங்கள் எல்லோர் முகத்தையும் வரிசையாகப் பார்த்தாள். என் முகத்தில் அவள் பார்வை கொஞ்சம் அதிக நேரம் நின்றது. பிறகு வேன் கதவை அவளே இழுத்து மூடினாள்.

சார் கொஞ்ச நேரம் காத்திருந்தார். கீழே இறங்கித் தேடினார். திருச்சிப் பக்கமும் சேலம் பக்கமும் சென்னைப் பக்கமும் போகிற பஸ்கள் நிற்பதும் போவதுமாக இருந்த அந்தக் கூட்டத்தில் அவளைக் காணவில்லை. ஃபோன் போட்டார். "நீங்க போங்க சார்" என்று சொல்லி வைத்துவிட்டாளாம். ஊருக்குத் திரும்பிவிட்டாள் என்று முடிவு செய்து வண்டியை எடுத்தார்கள். இத்தனை மாதம் படித்து, கைக்கு வந்ததை இப்படியா ஒருத்தி உதறுவாள்? பைத்தியம் என்று வாய்விட்டே சொன்னேன்.

விக்கிரவாண்டி டோல்கேட்டில் வரிசையாக நின்றோம். பக்கத்து வரிசையில் ஒரு அரசு பஸ். தற்செயலாகத் திரும்பினால், முன் சீட்டில் கருநீலக் கோட்டு. அவள்தான். ஃபோன் காதில் இருந்தது, உதடு அசைந்துகொண்டே இருந்தது, கண் எங்கள் வேனை விட்டு நகரவில்லை. நான் கையாட்டினேன். அவள் ஆட்டவில்லை. எங்கள் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். போலீசுக்குச் சொல்கிறாளா? சாரைப் பிடித்துக் கொடுக்கப்போகிறாளா? எங்கள் இன்டர்வியூவையும் சேர்த்துக் கெடுக்கத்தான் பின்னாலேயே வருகிறாளா? சாரிடம் சொல்ல வாய் எடுத்தேன். அதற்குள் எங்கள் வண்டி நகர்ந்துவிட்டது.

விமான நிலையத்தில் ஒரு தப்பும் நடக்கவில்லை. சார் சொன்னபடி வாசலில் ஆதார் கார்டை வரிசையாக நீட்டினார், பாஸ் போட்டார்கள், கார்டை அவரவர் கையில் கொடுத்தார், உள்ளே போனோம். அவர் மட்டும் வாசலிலேயே நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அவரையும் கூப்பிட்டுவிட்டார்கள். உள்ளே வந்து அந்தக் கம்பெனி அம்மாவிடம், இன்னும் ஒரு பொண்ணு வரணும், எங்க பேட்சிலேயே நல்ல பொண்ணு, கொஞ்சம் பாருங்க மேடம் என்று கெஞ்சினார். நேரத்துக்கு வரத் தெரியாதவரை விமான வேலைக்கு வைத்து என்ன செய்ய என்று அந்த அம்மா கேட்டார். நியாயமான கேள்விதான்.

இன்டர்வியூ முடிந்து வெளியே வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கேட்டுக்கு எதிரே, ரோட்டோரக் கட்டையில் அவள் உட்கார்ந்திருந்தாள். கோட்டைக் கழற்றவில்லை. வேர்வையில் ஸ்கார்ஃப் கழுத்தோடு ஒட்டியிருந்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்து, ஒவ்வொருத்தியாகத் தொட்டுத் தொட்டு எண்ணினாள். என்னையும் தொட்டாள்.

"கார்டு குடுத்துட்டாங்களா?"

"குடுத்துட்டாங்க."

"ஃபோனு?"

சார் மஞ்சள் பையை நீட்டினார். அவளே வாங்கி எங்களுக்குப் பிரித்துக் கொடுத்தாள். கிளாம்பாக்கம் வரை கண்டக்டரைக் கெஞ்சி, வேனைக் கண்ணில் விடாமல் வந்திருக்கிறாள். பஸ் அங்கே ஸ்டாண்டுக்குள் திரும்பிவிட்டது. வேறு பஸ் மாறி, இறங்கி, எந்த வாசல் என்று தெரியாமல் ஓடி, கேட்டுக்கு வந்தபோது பேர் கூப்பிட்டு முடித்து மூடிவிட்டார்கள். காவலுக்கு நின்றவரிடம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாளாம்.

எனக்குத் தாங்கவில்லை. அத்தனை பேர் எதிரில் அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். "அப்பிடி இன்னாக்கா நம்பிக்கையில்ல உனக்கு? பின்னாடியே வந்தவ உள்ள ஒக்காந்துனு வந்திருந்தா இன்னா? ஒண்ணுமே நடக்கல பாரு! நடக்காத ஒண்ணுக்காக உன் வேலைய வுட்டுட்டியே!"

"நடக்கலன்னு இப்ப தெரியுது" என்றாள். "உளுந்தூர்பேட்டைல தெரிஞ்சிதா உனக்கு?"

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எல்லாரும் உள்ள ஏறிட்டா, வண்டி எங்க போச்சின்னு சொல்ல வெளிய யாரு இருக்கா சொல்லு."

அப்போது அவள் ஃபோன் அடித்தது. ரோட்டுச் சத்தத்தில் சரியாகக் கேட்காமல் ஸ்பீக்கரில் போட்டாள். அவள் அம்மா. அங்கே அம்மா மட்டும் இல்லை. மலைப் பிள்ளைகள் மூன்று பேர் வீட்டிலிருந்தும் வந்து அந்த வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். விக்கிரவாண்டியில் அவள் பேசியது அவர்களிடம்தான். காலையிலிருந்து விழுப்புரம் தாண்டிடுச்சி, திண்டிவனம் தாண்டிடுச்சி, செங்கல்பட்டு தாண்டிடுச்சி என்று அவள் சொல்லச் சொல்ல, அந்த அம்மா வெள்ளிமலையில் உட்கார்ந்துகொண்டு எங்கள் வண்டியோடு கூடவே வந்திருக்கிறார். இந்த முறை வண்டி எந்தப் பக்கம் திரும்பியது என்று மலையில் எல்லோருக்கும் தெரியும்.

"வந்துட்டாங்களா?"

"வந்துட்டாங்கம்மா. எல்லாம் வெளிய வந்துட்டாங்க. என் கண்ணு முன்னாடி தான் நிக்கறாங்க."

மலைப் பிள்ளைகளின் அம்மாக்கள் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒருவர் அழுதார். அவள் ஃபோனை அந்தப் பிள்ளைகள் பக்கம் நீட்டி ஒவ்வொருத்தியையும் பேச வைத்தாள். எல்லோரும் பேசி ஓய்ந்தபிறகு, திரும்பவும் அவள் அம்மாவின் குரல் வந்தது.

"உன்ன எடுத்துக்கினாங்களா?"

நான் அவளைப் பார்த்தேன். சாரும் பார்த்தார். உண்மையைச் சொன்னால் அந்த அம்மாவுக்கு என்ன ஆகும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மகளுக்கு இருந்த ஒரே வாய்ப்பை, தான் வளர்த்த பயமே தின்றுவிட்டது என்று அந்த வீட்டில் போட்டோவுக்குக் கீழே உட்கார்ந்து காலம் முழுக்க நினைத்துக்கொண்டிருப்பார்.

"எடுக்கலம்மா" என்றாள் அவள். "உள்ள கூப்ட்டு எல்லாம் கேட்டாங்க. எனக்கு இங்கிலீஷு கம்மியாம். அதான் வேணான்ட்டாங்க."

எங்கள் பேட்சில் அவளைப்போல இங்கிலீஷ் பேசியவள் கிடையாது. மலைப் பிள்ளைகள் மூன்று பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் ஸ்கார்ஃபை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.

அந்த அம்மா இனி விடமாட்டார். யார் கேட்டது, என்ன கேட்டது, நீ என்ன சொன்னாய், மற்றவர்களுக்கு மட்டும் எப்படி வந்தது என்று ஆரம்பிக்கப்போகிறார் என்று நான் காத்திருந்தேன்.

"சரி, வா" என்றார் அவள் அம்மா. ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.